தீயைப் பார்க்காமல் ஒரு குளிர்காலம்

1

ஏப்ரல் மாதத்தில் தொடர்ந்து சில நாட்கள் நல்ல வெயில் அடித்தது. அயர்லாந்தில் வெயில் அடித்தால் கடைக்காரர்கூடக் கல்லாவை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றுகொள்வார். நானும் அந்த வெயிலை நம்பினேன். குளிர்காலம் முழுக்கப் பாதுகாத்து வந்த அடுப்பை அணையவிட்டேன். சாம்பலை வாரி, இரும்பைத் துடைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்தேன். வெட்டிய புல்லின் வாசனை வீட்டுக்குள் வந்தது.

மறுநாள் காலை தாரணிக்கு மூச்சு வாங்கியது.

அவளுக்கு ஐந்து வயது. மருத்துவரிடம் காட்டி, முகமூடி வைத்து உறிஞ்சும் மருந்தை வாங்கி வந்தோம். மதியத்துக்குள் மூச்சு ஓரளவு சீராகி சோபாவில் தூங்கிவிட்டாள். இது மகரந்தத்தூள் பறக்கும் காலம், நிறையப் பிள்ளைகளுக்கு வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என் கணவர் குமரேசன் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். அவரும் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அதையேதான் சொன்னார்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. தினமும் மதியம், ஊரில் விளக்கு வைத்து முடித்திருக்கும் நேரமாகப் பார்த்து, அனுமந்தன்பட்டியில் இருக்கும் என் அக்கா முருகேஸ்வரிக்கு போன் செய்வேன். எடுத்ததும் அவள் கேட்பது ஒரே கேள்வி: "புள்ளைக்கு மூச்சு கீச்சு வாங்குதா?" குளிர்காலம் முழுக்க நானும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "இல்லக்கா."

அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. வாங்குகிறது என்று சொன்னால் தாரணியை ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு.

குமரேசன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "பேசுனது குளிர்காலத்துக்கு. அது முடிஞ்சுபோச்சு. இப்ப எதுக்கு அக்காகிட்டச் சொல்லிக்கிட்டு?" என்றார்.

கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். தாரணியின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன்.

2

அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

குமரேசன் முதலில் இங்கே வந்தார். எனக்கு ஒரு பால்பவுடர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது தாரணிக்கு இரண்டரை வயது. நான் படித்தது கருவிப் பொறியியல். வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் இவற்றை அளக்கிற கருவிகளைத் திரையோடு இணைத்துக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது வேலை. ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். அக்காவுக்குக் குழந்தை இல்லை. மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம்.

ஆறு மாதம் இரண்டு வருஷத்தைத் தாண்டிப் போனது. தாரணியின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பெயரைச் சேர்க்க மாமா உத்தமபாளையத்துக்கு நடையாய் நடந்தார். சேர்த்து வாங்கியதும் என் பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. அதைத் திருத்தியதும் நாங்கள் இருக்கும் வீடு மூன்று பேருக்குப் போதாது என்று விசா அலுவலகத்தில் சொன்னார்கள். வேறு வீடு தேடினோம். ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கூட்டிப் பார்த்தால் பிள்ளையின் பாதி வயது போயிருந்தது.

அதற்குள் அவள் அக்காவை அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். நான் போன் அம்மா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மணி அடித்தால் எடுத்து, "போன் அம்மா பேசுறாக" என்று அக்காவிடம் நீட்டிவிட்டு ஓடிவிடுவாள்.

ஊரிலும் அவளுக்கு மூச்சு வாங்கும். ஆடியில் மேற்குமலையிலிருந்து காற்று இறங்கித் தெருப்புழுதியைக் கிளப்பும்போது தவறாமல் வரும். தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். திரும்பி வந்ததும் அக்கா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடியும்வரை சுவரோடு உட்கார்ந்திருப்பாளாம். இதெல்லாம் எனக்கு மறுநாள் போனில் தெரியவரும்.

விசா வந்தபோது அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"ஒரு குளிர்காலம் பாரு, மாலா. புள்ளைக்குத் தாங்குச்சுன்னா ஒங்க கூடவே இருக்கட்டும். ஒரு தடவ மூச்சு வாங்குனாலும் இங்கன கொண்டாந்து விட்ரணும். பெறகு நான் குடுக்க மாட்டேன்."

குமரேசன் சரி என்றார். நானும் சரி என்றேன். வளர்த்தவளிடம் வேறென்ன சொல்வது?

3

வெளிநாட்டு வீடு என்றால் சுவிட்சைத் தட்டினால் சூடாகிவிடும் என்று ஊரில் நினைக்கிறார்கள். நாங்கள் பிடித்த வீடு சின்ன ஊர் ஒன்றுக்கு வெளியே, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில் இருக்கிறது. அதற்குச் சூடு தருவது முன்னறையில் உள்ள ஓர் இரும்பு அடுப்பு மட்டும்தான். இடுப்பளவு உயரப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, கதவுக்கு மேலும் கீழும் காற்று விடும் திருகுகள், அடியில் சாம்பல் தட்டு, கூரைக்குப் போகும் புகைக்குழாய். முதுகுப்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் காயும் தண்ணீர் குழாய்வழியே மற்ற அறைகளைச் சுற்றிவந்து சூடாக்கும். அடுப்பு அணைந்தால் வீடு முழுக்க அணைந்துவிட்டது என்று பொருள்.

எரிப்பது டர்ஃப். சதுப்பு நிலத்தில் புல்லும் பாசியும் மக்கி இறுகிய மண்ணைச் செங்கல்போல வெட்டி, கோடையில் காயப்போட்டு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

"மண்ணையா எரிக்கிறாக?" என்றாள் அக்கா. பார்ப்பதற்கு வரட்டிபோல இருக்கும் என்றேன். மாடு போடாத வரட்டியா என்று பின்னாலிருந்து மாமா கேட்டது போனில் கேட்டது.

குமரேசன் தாரணியைக் கூட்டிவர ஊருக்குப் போயிருந்த வாரத்தில் நான் தனியாக இந்த வீட்டுக்குக் குடிவந்தேன். பால் காய்ச்சாத வீட்டில் பிள்ளையைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். சமையலறையில் மின்சார அடுப்பு இருக்கிறது, அதில் காய்ச்சுகிறேன் என்றேன். தீ தெரிகிற அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும் என்றாள். ஆகவே இரும்பு அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டு திருகுகளையும் முழுக்கத் திறந்துவிட்டு, மேல்தட்டில் பால் பாத்திரத்தை வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.

"கெழக்க பாத்து வச்சியா?"

"அடுப்ப நகட்ட முடியாதுக்கா. அது தெக்க பாத்துத்தான் இருக்கு."

"அப்ப நீ கெழக்க பாத்து நில்லு."

பால் ஏறி வந்தது. என் கை தானாகப் பாத்திரத்தைப் பிடிக்கப் போனது. எங்கள் தொழிற்சாலையில் பால் பொங்கினால் மணி அடிக்கும், ஆட்கள் ஓடிவருவார்கள். நான் சம்பளம் வாங்குவதே அது பொங்காமல் இருக்கத்தான்.

"எறக்கிராத," என்றாள் அக்கா, பார்த்துக்கொண்டிருப்பவள் போல. "வழியட்டும். நல்லா வழியட்டும்."

நன்றாகவே வழிந்தது. தட்டில் சீறி, முன்பக்கமாக இறங்கி, கண்ணாடிமேல் வெள்ளைக் கோடாக ஓடியது. டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி மூலைக்கு மூலை பிளந்து பாதி உள்ளே விழுந்தது. தீயின் மொத்தச் சூடும் என் முழங்காலில் அடித்தது.

"பொங்குச்சா?"

"பொங்குச்சுக்கா. கண்ணாடி போச்சு."

"அடுப்புக்கு எதுக்குடி கண்ணாடி? தீய உக்காந்து வேடிக்க பாப்பீகளோ?" என்றாள்.

இங்கே அதற்காகத்தான் கண்ணாடி வைக்கிறார்கள் என்று அவளிடம் சொல்லவில்லை.

4

வீட்டுக்காரர் டோனல் என்ற விவசாயி. என் வயதுதான் இருக்கும். அடுத்த மேட்டில் அவர் வீடு. பால் பொங்கவிட்ட காரணத்தை விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு "கிராண்ட்" என்றார். இந்த ஊரில் நல்லதும் கெட்டதும் எல்லாமே கிராண்ட்தான். விழுந்த துண்டை ஆற வைத்துப் பார்த்தபோது அது அடுப்புக்கான கண்ணாடியே இல்லை, முன்னால் இருந்தவர்கள் யாரோ ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சரியான கண்ணாடிக்குச் சொல்லிவைத்தார். அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரம் என்பதன் நீளம் தேனியிலும் இங்கேயும் ஒன்றுதான். அது கடைசிவரை வரவில்லை. கண்ணாடி வரும்வரைக்கும் என்று அவர் ஓர் இரும்புத் தகட்டை வெட்டிக் கதவில் முறுக்கிவிட்டுப் போனார்.

காற்று புகவில்லை, புகை வரவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கதவைத் திறந்தால் ஒரு நொடியில் அறை முழுக்கப் புகை. மூச்சுக்கோளாறு உள்ள பிள்ளை வரப்போகிற வீட்டில் அதை அடிக்கடி செய்ய முடியாது. ஆக டர்ஃப் போடும் சில நொடிகள் தவிரக் கதவைத் திறக்காமல், தீயைப் பார்க்காமல், தீயை நடத்த வேண்டும்.

தொழிற்சாலையில் நான் செய்வதும் அதுதான். அங்கே இரண்டு மாடி உயரக் கொதிகலன் இருக்கிறது. அதன் தீயை நான் திரையில் எண்களாகத்தான் பார்க்கிறேன். இந்தச் சின்னப் பெட்டியை நடத்த முடியாதா என்று நினைத்தேன். முதல் வாரத்தில் அது என்னைத் தோற்கடித்தது. தினமும் மாலை பற்றவைப்பேன், காலையில் செத்துக் கிடக்கும்.

காரணத்தைக் கண்டுபிடித்தது குமரேசனோடு வேலை பார்க்கும் லிஸி சேச்சி. கம்பத்துக்கு மேலே கேரள மலையில் இருக்கும் வண்டன்மேட்டுக்காரர். கம்பம் சந்தைக்கு இறங்கி வந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும். வந்ததும் வராததுமாக அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"தீ கெட்டோ? கெடாதே என்ன செய்யும்? தீபாவளிக்கு விளக்கு துலக்குன மாதிரி துலக்கி வெச்சிருக்கியே மோளே. நீ எஞ்சினீயர் அல்லே?"

நான் தினமும் விடிந்ததும் சாம்பலைத் துளி இல்லாமல் வழித்து எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். நேற்றைய சாம்பலின் மேல் இன்றைய அடுப்பை மூட்டினால் அது சோம்பேறி வீடு. இந்த அடுப்புக்கோ சாம்பல்தான் படுக்கை. நாலு விரற்கடை சாம்பல் அடியில் கிடந்தால்தான் கங்கு சூட்டை இழக்காமல் புதைந்து கிடக்கும். சேச்சி சொல்லிவிட்டு, கதவில் முறுக்கிய தகட்டைப் பார்த்து ஜெயில் கதவுபோல இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார்.

இன்னொரு தடை என் மனசில் இருந்தது. அடுப்பில் தீயை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. அக்கா வீட்டில் சமையல் கேஸில்தான். ஆனால் குளிக்கத் தண்ணீர் காயவைக்கப் பின்புறம் விறகடுப்பு உண்டு. கவாத்து செய்த திராட்சைக் கொடியை ஒடித்துப் போட்டு எரிப்பார்கள். எங்கள் தெருவில் ஒருமுறை வைக்கோல் படப்பு எரிந்ததிலிருந்து, கடைசி ஆள் குளித்ததும் ஒரு செம்புத் தண்ணீரை அந்த அடுப்பில் ஊற்றிவிட்டுத்தான் அக்கா உள்ளே வருவாள். சுர்ரென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் நாள் முடிந்ததாகத் தோன்றும். இங்கேயோ கங்கை ஒன்றுகூட்டி, மேலே கொஞ்சம் ஈரமான டர்ஃபை அடுக்கி, சாம்பலைப் போர்த்தி, திருகுகளை ஒரு மயிரிழை விட்டு மூடி, உயிரோடு வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். முழுக்க மூடினால் விஷவாயு. குமரேசன் அதைப் பற்றி ஆஸ்பத்திரிக் குரலில் விளக்கியிருந்தார். அதற்கென்று விற்கும் அலாரம் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினேன். அதன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன். தீ அணைந்துவிடுமோ என்று பாதி நேரம், அணையாமல் இருக்கிறதே என்று பாதி நேரம்.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. புகைக்குழாயில் காந்தத்தோடு ஒட்டுகிற வெப்பமானி ஒன்றை ஒட்டினேன். ஆனால் அதைவிடச் சத்தம்தான் அதிகம் சொன்னது. கீழ்த்திருகு கூடுதலாகத் திறந்திருந்தால் குமுளி மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறும் லாரி மாதிரி உறுமும். சரியாக இருந்தால் அரிசி கொதி அடங்கியபின் வருகிற சத்தம். தகடு டிக் டிக்கென்று சீக்கிரமாக அடித்தால் ஆறத் தொடங்கிவிட்டது, டர்ஃப் போட வேண்டும். எதுவுமே கேட்கவில்லை என்றால் தாமதித்துவிட்டேன் என்று அர்த்தம்.

5

தாரணி தேனியில் வாங்கிய புது ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வந்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும் அப்பாவின் கால் பின்னால் நின்றுகொண்டு, "போன் அம்மா" என்று அவருக்கு அடையாளம் காட்டினாள்.

அந்த வாரம் முழுக்க என்னிடம் வரவில்லை. அடுப்பிடம் போனாள். அதற்கு எதிரே பாயை விரிக்கச் சொல்லி அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே விளையாடினாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"தீ."

"பொய். காணோம்."

கைக்குச் சுடாத தூரத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றேன். வெகுநேரம் அசையாமல் இருந்தாள்.

"உள்ள யாரோ பேசுறாக," என்றாள்.

அதன்பிறகு தீயின் சத்தம் மாறினால் முதலில் சொல்வது அவள்தான். "அவுக பேச்ச நிறுத்திட்டாக" என்பாள். நான் ஓடிப்போய் டர்ஃப் போடுவேன். ஒவ்வொரு முறையும் கூடவே அவள் நெஞ்சிலும் காதை வைத்துப் பார்ப்பேன். தும்மினால் நிற்பேன். இருமினால் கையிலிருந்ததைக் கீழே வைப்பேன். டர்ஃப் தூசியில் அவள் நாலு முறை தொடர்ந்து இருமியதற்காக ஒருநாள் தொழிற்சாலைக்கு லீவு போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மற்ற பிள்ளைகள் எல்லோரும் மம்மி என்கிறார்கள் என்று ஒருநாள் என்னை மம்மி என்று கூப்பிட்டாள். அவள் கணக்கில் அதோடு சிக்கல் தீர்ந்தது. அம்மா ஊரில் இருக்கிறாள், மம்மி இங்கே. எனக்கு ஒரு பெயர் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவள் ஆங்கிலத்தில் எதையோ பாடிக்கொண்டு போய்விட்டாள். சொற்களின் இழுப்பெல்லாம் அச்சு அசல் டோனலுடையது.

போனில் அக்காவிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. மூச்சு வாங்குகிறதா என்பாள். இல்லக்கா என்பேன். அதற்குமேல் பேச்சு நீண்டால் ஏதாவது வாய்தவறி வந்துவிடும் என்று, கார்டில் காசு தீரப்போகிறது என்பேன்.

6

ஜனவரியில் குளிர் மிகக் கடுமையாக இறங்கியது. ரோட்டில் உப்புக் கொட்டியும் கார்கள் வழுக்கின. வந்த டர்ஃப் லோடும் ஈரம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தபோது மூக்கு நுனி வலித்தது. அடுப்புத் தகட்டில் கை வைத்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை.

குமரேசன் இரவு வேலையிலிருந்து திரும்பவில்லை. தாரணியைப் போர்வைகளோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். சுள்ளியும் காகிதமுமாக இரண்டு தடவை மூட்டினேன். ஈர டர்ஃப் புகைந்து அணைந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். டோனல். கையில் நீளக் கரண்டி போன்ற மண்வாரி, அதில் சாம்பல் தூவிய செக்கச் சிவந்த கங்குகள். எங்கள் புகைபோக்கியில் புகை வராததை அவர் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்திருக்கிறார். அந்தப் பனியில் மேட்டிலிருந்து நடந்தே கொண்டுவந்திருந்தார்.

நான் வழிவிடாமல் நின்றேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் யாரும் வீட்டு நெருப்பை வெளியே கொடுக்க மாட்டார்கள், அவர் வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றேன். பொறியியல் படித்தவள் சொல்கிற பேச்சில்லை. ஆனால் வாயில் வந்தது அதுதான். அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் மே மாதம் முதல் தேதி நெருப்புக் கொடுக்க மாட்டாள், இன்றைக்கு மே ஒன்று இல்லை, கை சுடுகிறது, கொஞ்சம் நகர்கிறாயா என்று கேட்டார்.

அந்தக் கங்கு பற்றிக்கொண்டது. தகடு சூடேறும்வரை தாரணியை அதன் முன்னால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. நான்தான் கூப்பிடுவது வழக்கம். அன்றைக்கு ஏனோ அக்கா கூப்பிட்டாள். தாரணி எட்டி எடுத்துவிட்டாள்.

"அம்மா, என் வாயில பொக வருது," என்று சொல்லிச் சிரித்தாள். ஹா என்று ஊதிக்காட்டினாள். "இங்க பாருங்க, வண்டி மாதிரி பொக வருது."

நான் போனை வாங்கினேன். குளிரில் மூச்சு அப்படித் தெரியும், வேறொன்றுமில்லை என்று விளக்கினேன்.

"வீட்டுக்குள்ளயே அம்புட்டுக் குளிரா?"

"இன்னைக்கு மட்டுந்தான்க்கா. அடுப்பு அணஞ்சுபோச்சு."

"மூச்சு?"

"வாங்கல."

அக்கா வேறெதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள். அந்த மௌனம் என்னை மாதக்கணக்கில் துரத்தியது. அவள் நாள் குறித்துக்கொண்டாள், ஒரு இருமலுக்காகக் காத்திருக்கிறாள் என்று நம்பினேன். அன்றிலிருந்து ஏப்ரல் வரை அந்த அடுப்பை நான் சாகவிடவில்லை.

7

ஏப்ரல் மதியத்துக்கு வருகிறேன். குமரேசன் போய்விட்டார். தாரணி தூங்கினாள். சொல்லாமல் விடுவதற்கான காரணங்களை எண்ணிப் பார்த்தேன், நிறைய இருந்தன. சொல்வதற்கு ஒன்றுதான்: பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் அவள். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

"புள்ளைக்கு மூச்சு கீச்சு வாங்குதா?"

"வாங்குதுக்கா. காலையிலருந்து."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. விலா உள்ளே இழுக்கிறதா, உதடு எப்படி இருக்கிறது, பால் குடித்தாளா, என்ன மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதில் சொன்னேன். ரெண்டு தலகாணி வைத்து ஒசத்திப் படுக்கவை, இடது பக்கம் ஒருக்களித்தால் அவளுக்குச் சுகமாக இருக்கும் என்றாள். இடது பக்கம் என்பது எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"எப்பக்கா கொண்டாந்து விடணும்?"

"எங்க?"

"அங்கன. பேசுனோம்ல."

"ஏன்டி, மூச்சு வாங்குற புள்ளய ஏரோப்ளேன்ல ஏத்துவேங்குற?"

"சரியானதுக்கப்புறம்."

மாமா ஏதோ கேட்பதும், அவரைச் சும்மா இருக்கச் சொல்லி அவள் அதட்டுவதும் காதில் விழுந்தன.

"இங்கன அவ ஓட்டுன சைக்கிள எதுத்த வீட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டேன்டி," என்றாள். "தை மாசமே குடுத்தாச்சு."

"எதுக்குக்கா?" என்றேன்.

"வாயில பொக வருதுன்னு சொன்னாள்ல அன்னைக்கு. எம்புட்டுச் சிரிப்பு. இங்கன இருந்தப்ப லேசா காத்து அடிச்சாலே ஓடியாந்து என் சேலைக்குள்ள பூந்துக்குவா. அம்புட்டுக் குளிருல அங்கன சிரிக்கிறா. பெறகு நான் சைக்கிள எதுக்குத் தொடச்சுத் தொடச்சு வச்சுக்கிட்டு இருக்க?"

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்க பேசவிட்ட? மூச்சு வாங்குதான்னு கேட்டா இல்லன்னுட்டு, காசு தீருது காசு தீருதுன்னு வச்சுருவ. புள்ள என்ன தின்னா, யாரு கூட வெளாண்டான்னு எனக்குத் தெரிய வேணாமா மாலா?"

சொல்ல ஆரம்பித்தேன். டோனலின் இழுப்பில் பேசுவதை, உள்ளே யாரோ பேசுகிறார்கள் என்று அடுப்பைச் சொன்னதை, பள்ளியில் ஒரு பையனின் தொப்பியைப் பிடுங்கிக் குட்டையில் எறிந்ததை. தொப்பிக்கு அக்கா சத்தமாகச் சிரித்தாள். கார்டில் நிஜமாகவே காசு தீர்ந்து லைன் அறுந்தது.

உள்ளே வந்தபோது தாரணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது, மூச்சில் இன்னும் லேசான விசில் இருந்தது.

"அம்மாவா?"

"ஆமா."

"என்ன சொன்னாக?"

"நீ இங்கனயே இருக்கலாம்னு சொன்னாக."

அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அவுகள இங்கன வரச் சொல்லுங்க மம்மி," என்றாள். "நம்ம வீடு சூடாத்தான இருக்கு."

வெயில் எப்போதோ போயிருந்தது. திறந்துவைத்த ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். தலையணை இரண்டை அடுக்கி அவளை இடது பக்கமாகச் சாய்த்துவிட்டு, அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சுள்ளி ஒடிக்க ஆரம்பித்தேன்.